ஒரே கம்பிக்கு இரண்டு ஆழம்: கான்கிரீட்டுக்குள் நுண்ணலை எதைப் படிக்கிறது?

கேள்வி: 12 டிசம்பர் 2022, காலை 10.15 (தளப் பொறியாளர்)

சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், கார் நிறுத்துமிடத்துக்கு மேலே உள்ள திறந்தவெளி ஸ்லாபை மே மாதத்தில் ஜிபிஆர் (நுண்ணலைத் துடிப்பை அனுப்பி எதிரொளிப்பைப் படிக்கும் ரேடார்) கருவியால் ஸ்கேன் செய்தபோது, மேல் கம்பியின் கவர் (கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் தடிமன்) சராசரியாக 38 மி.மீ. என்று வந்தது. வரைபடத்தில் 45 மி.மீ. என்று இருப்பதால் ஒப்பந்ததாரரின் பில்லை நிறுத்தி வைத்தார்கள். இப்போது மழைக்குப் பிறகு அதே கருவி, அதே ஆள், பெயின்டால் குறித்து வைத்த அதே கோடுகள். ஆனால் 47 மி.மீ. வருகிறது. கம்பி கீழே இறங்கியிருக்க வழியில்லை. கருவி கெட்டுவிட்டது என்கிறார் ஒருவர். நுண்ணலை என்பதே கான்கிரீட்டுக்கு ஒவ்வாத சோதனை, ஹேமரும் (பரப்பில் மோதித் திரும்பும் அளவைக் காட்டும் சுத்தியல்) யூபிவியும் (மீயொலியின் வேகத்தை அளப்பது) போதும் என்கிறார் இன்னொருவர். என் கருத்தும் ஏறத்தாழ இரண்டாமவருடையதே. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

பதில்: 12 டிசம்பர் 2022, இரவு 9.50

காரணத்தோடு மறுக்கிறேன். அந்தக் கருவி ஆழத்தை அளப்பதே இல்லை. ஆன்டெனாவிலிருந்து புறப்பட்ட துடிப்பு கம்பியில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மட்டுமே அது அளக்கிறது. அந்த நேரத்தை, கான்கிரீட்டுக்குள் அலை செல்லும் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆழம் கிடைக்கும். வேகம் எவ்வளவு என்பது கருவிக்குத் தெரியாது. இயக்குபவர் உள்ளிட்ட மின்காப்பு மாறிலியிலிருந்துதான் அது கணக்கிட்டுக்கொள்கிறது. வெற்றிடத்தில் ஒரு நானோ விநாடிக்கு 300 மி.மீ. செல்லும் அலை, ஒரு பொருளுக்குள் நுழைந்ததும், அந்தப் பொருளின் மின்காப்பு மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுத்த வேகத்தில் செல்லும். மாறிலி 9 என்றால் வேகம் 100 மி.மீ. என்று ஆகும்.

உங்கள் ஆள் இரண்டு முறையும் 9 என்றே வைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். கான்கிரீட் என்றால் பலர் யோசிக்காமல் வைக்கும் எண் அது. கம்பி உண்மையில் 45 மி.மீ. ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். மே மாதத்தில் வெயிலில் காய்ந்த கான்கிரீட்டின் மாறிலி 6.5 என்றால் அதில் வேகம் 117.7 மி.மீ.; போய்வரும் 90 மி.மீ. தொலைவைக் கடக்க 0.765 நானோ விநாடி ஆகும். அந்த நேரத்தை 100 என்ற வேகத்தோடு பெருக்கிப் பாதியாக்கினால் 38 வருகிறது. மழைக்குப் பிறகு மாறிலி 10 என்றால் வேகம் 94.9 ஆகக் குறைந்து, நேரம் 0.949 ஆக நீள்கிறது. அதே கணக்கில் 47 வருகிறது. உங்கள் இரண்டு எண்களும் ஒரே கம்பியிலிருந்து பிசகில்லாமல் வந்துவிட்டன. கருவி இரண்டு நாளும் சரியாகத்தான் நேரத்தை அளந்திருக்கிறது.

13 டிசம்பர், காலை 7.20

மாறிலி 6.5-லிருந்து 10-க்குப் போவது நடக்கக்கூடியதுதானா என்று இரவே ஒருவர் கேட்டிருந்தார். நடக்கக்கூடியதுதான், காரணம் தண்ணீர். காற்றின் மாறிலி 1. ஜல்லியும் காய்ந்த சிமென்ட் பசையும் ஏறத்தாழ 4-லிருந்து 8-க்குள். அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு மட்டும் சுமார் 80. கான்கிரீட்டில் கலந்திருக்கும் வேறெந்தப் பொருளும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. ஆகவே துளைகளில் இருந்த காற்று போய் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் மொத்த மாறிலி சட்டென்று ஏறும்.

கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளின் மாறிலிக்கும் வர்க்கமூலம் எடுத்து, அதை அந்தப் பொருளின் கனஅளவுப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் மொத்தத்தின் வர்க்கமூலம் கிடைக்கும் என்பது இத்துறையில் வழக்கமான தோராயக் கணக்கு. 6.5-க்கு வர்க்கமூலம் 2.55, 10-க்கு 3.16. இடைவெளி 0.61. காற்றை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தால் வர்க்கமூலம் 1-லிருந்து 8.94-க்கு ஏறும், அதாவது 7.94 கூடும். 0.61-ஐ 7.94-ஆல் வகுத்தால் 0.077. கனஅளவில் 7.7 விழுக்காடு, ஒரு கனமீட்டருக்கு 77 லிட்டர்.

இதைக் கணக்கிட்டு முடித்ததும் எனக்கு உங்கள் கேள்வியைவிட வேறொரு கேள்வி பெரிதாகத் தெரிந்தது. கான்கிரீட் போடும்போதே கலவையில் ஊற்றும் தண்ணீர் ஒரு கனமீட்டருக்குப் பொதுவாக 160, 180 லிட்டர்தான். அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட நெருங்கும் அளவு நீர் ஒரு பருவத்தில் உள்ளே போய் அடுத்த பருவத்தில் வெளியேறுகிறது என்றால், அந்தக் கவர் எத்தனை மி.மீ. இருந்தாலும் கம்பியைக் காக்கும் தரத்தில் இல்லை. 38-ஆ 47-ஆ என்று சண்டை போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள 9 மி.மீ. வேறுபாடுதான் அந்த ஸ்லாபைப் பற்றிய மிக முக்கியமான அளவீடு. அதைக் கருவியின் பிழை என்று தள்ளிவிட வேண்டாம் என்பதே நான் சொல்ல விரும்புவது.

13 டிசம்பர், மாலை 6.05

ஹேமரும் யூபிவியும் போதும் என்பது பற்றி. அவை இரண்டும் கம்பி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக உருவானவை அல்ல. மேலும் ஈரம் அவற்றையும் பாதிக்கிறது: ஈரமான பரப்பில் ரீபவுண்ட் எண் குறைந்து காட்டும், துளைகளில் நீர் நிறைந்த கான்கிரீட்டில் மீயொலியின் வேகம் கூடும். ஒரே ஸ்லாபை ஒரே நாளில் சோதித்தால், ஈரம் ஒரு கருவிக்கு வலிமையைக் குறைத்தும் இன்னொன்றுக்குக் கூட்டியும் காட்டும். ஈரத்தைக் கணக்கில் கொள்ளாமல் செய்யக்கூடிய சோதனை என்று இவற்றைக் கருதுவது சரியல்ல.

15 டிசம்பர், இரவு 10.30

மைக்ரோவேவ் அடுப்பு தண்ணீரைச் சூடாக்கும் அளவுக்கு நுண்ணலையைத் தண்ணீர் உறிஞ்சுகிறது என்றால், ஈரக் கான்கிரீட்டுக்குள் அலை எப்படிப் போய்த் திரும்புகிறது என்று கேட்டவருக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இத்துறையில் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின் சாயலும் மறுபக்கம் எதிர்மின் சாயலும் கொண்டது. வெளியிலிருந்து மாறிமாறி வரும் மின்புலத்தோடு அது திரும்பித் திரும்பி ஒத்துப்போக முயல்கிறது. புலம் மெதுவாக மாறினால் முழுமையாக ஒத்துப்போய்விடும். மாறிலி உயர்ந்து நிற்கும், இழப்பு குறைவு. புலம் மிக வேகமாக மாறினால் மூலக்கூறால் ஈடுகொடுக்க இயலாது, மாறிலி விழுந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், முயன்றும் பிந்திக்கொண்டே இருக்கும்போதுதான் ஆற்றல் மிகுதியாக வெப்பமாகிறது. அறை வெப்பநிலையில் தூய நீருக்கு அந்த உச்சம் 17, 20 கிகாஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் இந்த உச்சத்துக்கு வெகு கீழே உள்ளது. அப்படி இருப்பதால்தான் உணவின் உட்பகுதி வரை அலை சென்று சேர்கிறது. தண்ணீரின் ஒத்ததிர்வு 2.45-இல் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரமில்லை.

கான்கிரீட் ஸ்கேனர்களும் இதே காரணத்துக்காகத்தான் சில நூறு மெகாஹெர்ட்ஸிலிருந்து 3, 4 கிகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்கின்றன. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1990-களில் நேர்மாறான நோக்கத்தோடு சோதனைகள் செய்தார்கள். கதிரியக்க மாசு படிந்த கான்கிரீட் பரப்பை நுண்ணலையால் சூடாக்கி, உள்ளிருக்கும் நீர் ஆவியாகும் அழுத்தத்தால் மேல் படலத்தைப் பெயர்த்தெடுப்பது அந்த நோக்கம். அங்கே 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை போனார்கள், ஏனென்றால் ஆற்றல் மேல் படலத்திலேயே தங்கிவிடுவதுதான் அவர்களுக்குத் தேவை. நமக்கோ உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். ஸ்கேனர் வெளியிடும் சராசரி ஆற்றல் மில்லிவாட் அளவில்தான் இருக்கும். ஆகவே சோதனையால் கான்கிரீட் சூடாகுமோ என்ற கவலைக்கும் இடமில்லை.

16 டிசம்பர், காலை 6.45

அப்படியானால் அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்றால், படம் கூர்மை இழக்கும். வேகம் 100 மி.மீ. என்ற கான்கிரீட்டில் 1.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 67 மி.மீ.; 2.6 கிகாஹெர்ட்ஸில் 38 மி.மீ. ஆகும். மேலும் கீழுமாக உள்ள இரண்டு பொருள்கள் அலைநீளத்தின் கால் பங்கைவிட நெருங்கி இருந்தால் அவற்றின் எதிரொளிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு 45 மி.மீ. கவரை அளக்க முற்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதன் அலைநீளம் 250 மி.மீ. ஆகும். அடித்தளத்தின் தடிமனைப் பார்க்க வேண்டிய கருவி அது.

17 டிசம்பர், பகல் 1.10

77 லிட்டர் என்ற கணக்கை நான்கு நாளாக மனத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது, காரணங்கள் இவை.

கைக்கருவிகளில் அலையை அனுப்பும் ஆன்டெனாவும் பெறும் ஆன்டெனாவும் தனித்தனியே இருக்கின்றன. இடைவெளி 60 மி.மீ. என்று கொண்டால், 45 மி.மீ. ஆழத்துக் கம்பிக்கு அலை செங்குத்தாக இறங்கி ஏறுவதில்லை. சாய்ந்து போய்ச் சாய்ந்து திரும்புகிறது. பாதை 90 மி.மீ. அன்று, 108 மி.மீ. ஆகிறது. 200 மி.மீ. ஆழத்தில் இதே சாய்வால் கூடுவது 400-க்கு 4.5 மி.மீ. மட்டும். அதாவது ஆழம் குறையக் குறைய இந்தத் திருத்தம் பெரிதாகிறது, கவர் என்பதோ ஆழம் மிகக் குறைந்த அளவீடு. நல்ல மென்பொருள் இதைத் தானே திருத்திக்கொள்ளும். திருத்துகிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நேரத்தை எந்தக் கணத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்பது பரப்பில் தேங்கிய நீர்ப்படலத்தாலும் நகர்கிறது. மூன்றாவதாக வெப்பநிலை: தண்ணீரின் மாறிலி 20 பாகை செல்சியஸில் 80 என்றால் 40 பாகையில் 73 அளவுக்கு இறங்கிவிடும். மே மாத நண்பகலில் சென்னை ஸ்லாபின் மேற்பரப்பு அதைத் தாண்டியே இருக்கும்.

இவை எல்லாம் சேர்ந்து 9 மி.மீ. வேறுபாட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் தண்ணீருடையது. அது 77 லிட்டராக இல்லாமல் 50-ஆக இருந்தாலும் நான் சொன்ன கவலை மாறவில்லை.

17 டிசம்பர், பகல் 1.40

வேகத்தை ஊகிக்காமல் கண்டறிய முடியாதா என்றால், முடியும். ஆன்டெனாவைக் கம்பிக்குக் குறுக்கே இழுத்துச் செல்லும்போது, கம்பியை நெருங்க நெருங்க நேரம் குறைந்து, தாண்டிய பின் கூடுவதால் திரையில் கவிழ்ந்த அதிபரவளையம் தோன்றுகிறது. அதன் விரிவிலேயே வேகம் அடங்கியிருக்கிறது. 100 மி.மீ. ஆழத்துக் கம்பிக்கு, வேகம் 100 என்றால், நேர் மேலே 2 நானோ விநாடி; 100 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி நின்றால் 2.83. வேகம் கூடினால் வளைவு அகன்று விரியும், குறைந்தால் ஒடுங்கும். மென்பொருளில் ஒரு வளைவைப் பொருத்திப் பார்த்து வேகத்தை எடுத்துவிடலாம். ஆனால் 45 மி.மீ. போன்ற குறைந்த ஆழத்தில் வளைவின் கால்கள் பக்கத்துக் கம்பியின் கால்களோடு பின்னிக்கொள்வதால் பொருத்தம் ஆட்டம் காணும். அத்தகைய இடத்தில் 8 மி.மீ. பிட்டால் கம்பி தட்டுப்படும் வரை ஒரு துளை போட்டு அளப்பதை விட நம்பகமான வழி இல்லை.

21 டிசம்பர், இரவு 8.15

தளப் பொறியாளர் துளை போட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். மூன்று இடங்களில் 44, 45, 46 மி.மீ. என்று வந்திருக்கிறது. தூண்டல் முறையில் இயங்கும் கவர் மீட்டரை அதே கோடுகளில் ஓட்டியதில் 43-லிருந்து 47-க்குள். கவர் மீட்டருக்கு ஈரத்தைப் பற்றிக் கவலை இல்லை. அது தாழ்ந்த அதிர்வெண்ணில் கம்பியின் காந்த, மின்கடத்துப் பண்புகளை உணர்கிறது, காந்தப் பண்பில்லாத கான்கிரீட்டையும் நீரையும் பொருட்படுத்துவதில்லை. கம்பியின் விட்டத்தைச் சரியாக உள்ளிட வேண்டும், பக்கத்துக் கம்பி நெருங்கி இருக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டும் அதற்கு உண்டு. இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456:2000 கடலோரச் சூழலைக் கடும் வகையில் வைத்து 45 மி.மீ. கவர் கேட்கிறது, அதிலிருந்து 10 மி.மீ. கூடலாம், குறையக் கூடாது என்பது விதி. துளையிட்டு அளந்ததில் 44 என்ற ஓரிடத்தைத் தவிர ஒப்பந்ததாரர் விதிக்குள் இருக்கிறார். ஏழு மாதம் நிறுத்தி வைத்த பில்லை விடுவிப்பதுதான் நியாயம்.

ஆனால் அவர் எழுதியதில் நான் இரண்டு முறை படித்த வரி வேறு: துளை போட்டபோது தூள் பறக்கவில்லை, 30 மி.மீ. ஆழம் வரை பிட்டின் பள்ளங்களில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது என்கிறார். மழை ஓய்ந்து சில நாள்கள் வெயில் அடித்த பிறகும் அந்த நிலை. கவர் அளவு தேறிவிட்டது என்று கோப்பை மூடிவிடாமல், கோர் (துளைத்தெடுக்கும் உருளை மாதிரி) எடுத்து நீர் உறிஞ்சும் அளவையும் குளோரைடையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு அதிகமில்லை. பத்தாண்டு கழித்துக் கம்பி துருப்பிடித்துக் கவர் பெயர்ந்த பிறகு செய்யும் பழுதுபார்ப்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

27 டிசம்பர், இரவு 11.00

குளோரைடு என்று எழுதியதும் ஒருவர், நுண்ணலையாலேயே உப்பைக் கண்டறிய முடியாதா என்று கேட்கிறார். மறைமுகமாக முடியும்.

தூய நீர் அலையைத் தாமதப்படுத்துகிறது. உப்புநீர் தாமதப்படுத்துவதோடு அலையைத் தின்றும் விடுகிறது. துளைநீரில் கரைந்த அயனிகள் மின்சாரத்தைக் கடத்துவதால் வரும் இழப்பு, அதிர்வெண் குறையக் குறையக் கூடும். ஆகவே உப்பேறிய கான்கிரீட்டில் அதிர்வெண்ணைக் குறைத்து ஆழமாகப் போய்விடலாம் என்ற வழக்கமான உத்தி எதிர்பார்த்த அளவு கைகொடுப்பதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுத்துறை மேடையின் ஸ்லாபை அடிப்பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்ய நேர்ந்தது. படகில் நின்றுகொண்டு கருவியைத் தலைக்கு மேலே பிடித்து இழுக்க வேண்டும். அலைமட்டத்துக்கு வெகு மேலே இருந்த பேனல்களில் கீழ்க்கம்பிகள் வரிசையாக, வளைவுகள் துலக்கமாகத் தெரிந்தன. ஸ்லாபின் மறுபக்கமும் மங்கலாகத் தெரிந்தது. அலை தெறித்துக் காய்ந்து தெறித்துக் காயும் ஓரப் பேனல்களுக்கு வந்ததும், அதே அமைப்பில், முதல் வரிசைக் கம்பிகளே வெளிறிப் போயின; அதற்குக் கீழே திரை முழுவதும் சாம்பல் நிறம். உடனிருந்தவர்கள் ஆன்டெனாவின் கேபிளைத்தான் முதலில் சோதித்தார்கள். மீண்டும் உள்பக்கப் பேனலுக்குப் போனால் படம் திரும்பி வந்தது. அந்த வெளிறலே நாங்கள் அன்று பெற்ற தகவல். எந்தப் பேனல் எவ்வளவு வெளிறியது என்று வரைபடத்தில் நிறமிட்டபோது, சுத்தியலால் தட்டிப் பார்த்து வெற்றொலி (உள்ளே படலம் பிரிந்ததன் அடையாளம்) கேட்ட இடங்கள் பெரும்பாலும் அந்த நிறத்துக்குள்ளேயே விழுந்தன.

குளிர்நாடுகளில் பனியை உருக்க உப்புத் தூவும் பாலங்களில் இதை முறைப்படியே செய்கிறார்கள். மேல் கம்பியிலிருந்து திரும்பும் அலையின் வீச்சு (வலு) எங்கெங்கே தாழ்ந்திருக்கிறது என்று வரைந்து, பாலத் தளத்தின் சிதைவை மதிப்பிடும் முறையை ஏஎஸ்டிஎம் டி6087 என்ற அமெரிக்கத் தரநிலை விவரிக்கிறது. ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: ரேடார் துருவைப் பார்ப்பதில்லை. துரு பிடிப்பதற்கு ஏற்ற ஈரமும் உப்பும் சேர்ந்த சூழலைத்தான் அது பார்க்கிறது. அச்சூழல் இருந்தும் துரு இன்னும் தொடங்காத இடங்களும் உண்டு. கம்பி ஆழமாக இருந்தாலும் வீச்சு தாழும் என்பதால், ஆழத்துக்கான திருத்தம் செய்யாத வெளிறல் வரைபடத்தை ஏற்கக் கூடாது.

3 ஜனவரி 2023, மாலை 5.30

வெற்றொலி என்று எழுதியதிலிருந்து அடுத்த கேள்வி: படலம் பிரிந்த இடத்தில் காற்றிடைவெளி இருக்கிறதே, அது ரேடாரில் பளிச்சென்று தெரிய வேண்டாமா? கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இங்கேதான் விற்பனைப் பேச்சுக்கும் இயற்பியலுக்கும் இடைவெளி அதிகம்.

மாறிலி 9 உள்ள கான்கிரீட்டிலிருந்து தடித்த காற்று வெற்றிடத்துக்கு அலை போனால் வீச்சில் பாதி திரும்பிவிடும். அது பளிச்சென்றே தெரியும். ஆனால் பிரிந்த படலத்தின் இடைவெளி அரை மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 200 மி.மீ. ஆகும். இடைவெளியின் மேல்முகம் திருப்பி அனுப்பும் அலையும் கீழ்முகம் திருப்பி அனுப்பும் அலையும் எதிரெதிர்க் குறியில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவது வீச்சில் 2 விழுக்காடு. ஜல்லிகள் எழுப்பும் இரைச்சலுக்குள் அது காணாமல் போகும்.

அதே அரை மி.மீ. இடைவெளியில் தண்ணீர் நிறைந்தால்? தண்ணீருக்குள் அலைநீளம் 22 மி.மீ.க்குச் சுருங்கிவிடுவதால் இரண்டு முகங்களுக்கும் இடையே அலை உணரும் தொலைவு கூடுகிறது. திரும்பும் வீச்சு 18 விழுக்காடு அளவுக்கு ஏறுகிறது. காய்ந்த விரிசலைவிட நனைந்த விரிசல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பிரகாசம். மொட்டைமாடி ஒழுக்கைத் தேட ஜிபிஆர் கொண்டுவரச் சொல்பவர்கள் கோடையில் கூப்பிடுகிறார்கள். மழைக்குப் பிறகு கூப்பிட வேண்டும். காய்ந்த மெல்லிய பிரிவைத் தேட வேண்டுமானால் சுத்தியலும் சங்கிலி இழுத்துக் கேட்பதும் இம்பாக்ட் எக்கோவும் (தட்டி எழுப்பிய அதிர்வின் எதிரொலியைப் படிக்கும் முறை) ரேடாரை விடச் சிறந்தவை.

3 ஜனவரி, இரவு 9.20

மேலே விட்டுப்போனது: காற்றா, தண்ணீரா, இரும்பா என்று பிரித்தறிய வீச்சு மட்டும் போதாது, குறியையும் பார்க்க வேண்டும். மாறிலி கூடிய பொருளில் பட்டாலும் உலோகத்தில் பட்டாலும் அலை தலைகீழாகத் திரும்பும். மாறிலி குறைந்த காற்றில் பட்டால் தலைகீழாகாது. திரையில் கம்பி கருப்பு, வெள்ளை, கருப்பு என்று தெரிந்தால், தேன்கூட்டு வெற்றிடம் (ஜல்லிகளுக்கிடையே பசை நிறையாத இடம்) வெள்ளை, கருப்பு, வெள்ளை என்று தெரியும். பக்கத்தில் உள்ள கம்பியோடு ஒப்பிட்டே இதைச் சொல்ல வேண்டும். நிற அமைப்பு கருவிக்குக் கருவி மாறும்.

19 ஜனவரி, காலை 8.00

துளையிடாமல், தொடாமலே மாறிலியை அளக்கும் வழியைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். சாலைகளில் வண்டியின் பின்னால் கொம்பு வடிவ ஆன்டெனாவைத் தரைக்கு மேலே தொங்கவிட்டு ஓட்டுகிறார்கள். முதலில் ஓர் உலோகத் தகட்டைத் தரையில் வைத்து அதிலிருந்து திரும்பும் வீச்சைப் பதிகிறார்கள். உலோகம் முழுவதையும் திருப்பிவிடும். பிறகு சாலைப் பரப்பிலிருந்து திரும்புவதை அதோடு ஒப்பிடுகிறார்கள். விகிதம் 0.4 என்றால் 1.4-ஐ 0.6-ஆல் வகுத்து வர்க்கித்தால் மாறிலி 5.4, விகிதம் 0.5 என்றால் 9. இது மேற்பரப்பின் மாறிலி மட்டுமே. மேலே காய்ந்து உள்ளே நனைந்திருக்கும் ஸ்லாபில் இந்த எண்ணைக் கொண்டு கம்பியின் ஆழத்தைக் கணக்கிட்டால் தவறும்.

ஆய்வகத்தில் இன்னும் நெருங்கிப் போனவர்கள் உண்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரேஸா ஸூகியின் குழு 1990-களில், செவ்வக உலோகக் குழாயின் திறந்த முனையைச் சிமென்ட் காரைக் கட்டிகளின் மேல் நேரடியாக வைத்து, 3 கிகாஹெர்ட்ஸ், 10 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் திரும்பும் அலையின் வீச்சையும் கட்டத்தையும் (அலை எவ்வளவு பிந்தியது என்பதையும்) அளந்து, நீர்-சிமென்ட் விகிதத்தைக் கணிக்க முடியும் என்று காட்டியது. கட்டி இறுக இறுக அந்த அளவீடு நாளுக்கு நாள் மாறுவதையும் அவர்கள் பின்தொடர்ந்தார்கள். காரணம் இந்த இழையில் முன்பே வந்ததுதான்: சிமென்ட்டோடு வினைபுரிந்து கட்டுண்ட நீரால் மின்புலத்துக்கு ஏற்பத் தடையின்றித் திரும்ப முடியாது, ஆகவே கியூரிங் நடக்க நடக்க மாறிலி இறங்குகிறது. கான்கிரீட் போட்ட ஒரு வாரத்தில் ஸ்கேன் செய்யக் கேட்பவர்களிடம் காத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். அப்போது கட்டுறாத நீர் இன்னும் மிகுதியாக இருப்பதால் அலை சீக்கிரம் மெலிந்துவிடும்.

2 பிப்ரவரி, இரவு 10.10

பிரீஸ்ட்ரெஸ்ட் (எஃகுக் கேபிளால் இறுக்கிய) பாலக் கர்டர்களில் கேபிள் குழாய்க்குள் கிரவுட் (கேபிளைக் காக்க ஊற்றும் சிமென்ட் குழம்பு) நிறைந்திருக்கிறதா என்று ரேடாரால் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியைப் பாலத்துறையில் இருக்கும் ஒருவர் எழுப்பியிருப்பதால் தெளிவாகவே சொல்கிறேன்: குழாய் உலோகமானால் முடியாது. உலோகத்தின் மேல் முகத்திலேயே அலை முழுவதும் திரும்பிவிடும். குழாய் எங்கே போகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம், உள்ளே என்ன என்பதைச் சொல்ல இயலாது. பிளாஸ்டிக் குழாயானால் அலை உள்ளே போகும். ஆனால் உள்ளிருக்கும் எஃகு இழைகளே பலமாகத் திருப்புவதால், அவற்றுக்கு மேல்பக்கத்தில் உள்ள வெற்றிடத்தை மட்டும், அதுவும் அனுகூலமான நிலையில், காணலாம். இழைகளுக்குப் பின்னால் இருப்பது தெரியாது.

இது சின்ன விஷயமன்று. வேல்ஸில் யினிஸ்-அ-குவாஸ் பாலம் 1985 டிசம்பரில் இடிந்து விழுந்தது. துண்டு துண்டாக இணைத்துக் கேபிளால் இறுக்கிய பாலம் அது, இணைப்புகளில் கேபிள் துருப்பிடித்து அறுந்தது. முன்கூட்டி எச்சரிக்கும் வகையில் அது வளையவோ தொங்கவோ இல்லை. 1992-இல் பிரித்தானியப் போக்குவரத்துத் துறை கிரவுட் நிரப்பும் வகைப் புதிய பாலங்களையே நிறுத்தி வைத்தது. அதன் பிறகுதான் உள்ளிருப்பதைக் காண்பதற்கான வழிகளில் எல்லோருடைய கவனமும் குவிந்தது. உலோகக் குழாய்க்கு மீயொலி எக்கோ, இம்பாக்ட் எக்கோ, ஊடுகதிர்ப்படம் ஆகியவற்றைத் தேடுங்கள். ரேடாரை முதலில் ஓட்டிக் குழாயின் தடத்தைக் குறித்துக்கொண்டால், அந்தச் சோதனைகளை எங்கே வைப்பது, ஆய்வுத் துளையை எங்கே போடுவது என்பது பாதுகாப்பாகத் தெரியும். துளையிடும்போது கேபிளை அறுத்துவிடாமல் காப்பதே ரேடார் அங்கே செய்யும் பெரிய உதவி.

2 பிப்ரவரி, இரவு 10.45

கர்டரில் ஸ்டிரப் (குறுக்கே சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) நெருக்கமாக இருந்தால் அதுவே திரையை மறைத்துவிடும் என்று அதே நண்பர் எழுதியிருக்கிறார். சரிதான். ஆன்டெனாவின் மின்புலம் கம்பியின் நீளவாக்கில் இருந்தால் எதிரொளிப்பு பலம். குறுக்காக இருந்தால், மெல்லிய கம்பிகளுக்கு, வெகுவாகக் குறையும். ஆகவே ஆன்டெனாவை 90 பாகை திருப்பி வைத்து அதே கோட்டில் மறுபடி ஓட்டுங்கள். ஸ்டிரப் மங்கி, அதற்குப் பின்னால் நீளவாக்கில் செல்லும் குழாய் மேலெழுந்து தெரியும். கைப்பிடி இதற்கு வசதியாக இல்லாத கருவிகளும் உண்டு, பொறுமையோடு செய்ய வேண்டும்.

6 பிப்ரவரி, காலை 7.05

எஃகு நார் கலந்த கிடங்குத் தரையைப் பற்றிக் கேட்டவருக்கு: நார்கள் எல்லாத் திசையிலும் அலையைச் சிதறடிப்பதால் நார் அளவு கூடிய தரையில் கீழ்க்கம்பியைத் தேடிப் பயனில்லை. ஸ்கேன் செய்பவரை வரவழைப்பதற்கு முன் ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ நார் போட்டார்கள் என்ற பதிவை எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.